கேன்சர் கான்ஃபரன்ஸுக்கு பார்மசிஸ்ட் போனா வொர்த்தா? போய்ட்டு வந்து எழுதுறேன்

நாலு நாள் இன்டர்நேஷனல் கேன்சர் கான்ஃபரன்ஸ், முத தடவை போனேன். கீமோ கலக்குற ரூம்ல பத்து வருஷமா குப்பை கொட்டுறவன் நான், அதனால இது முழுக்க ஒரு பார்மசிஸ்ட்டோட ரிவ்யூ, டாக்டருங்க கோவிச்சுக்காதீங்க.

மொத நாளே கடுப்பு. பேட்ஜ்ல டாக்டருக்கு ஒரு கலர், நர்ஸுக்கு ஒரு கலர், நமக்கு 'மற்றவர்கள்'. கம்பெனி ஸ்டால்ல பேட்ஜை ஸ்கேன் பண்ணிட்டு நீங்க மருந்து எழுதுவீங்களான்னு கேட்டாங்க, இல்லன்னதும் அந்த சிரிப்பு பாதியிலயே அணைஞ்சுது. பேனா குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்.

பெரிய ஹால்ல ஃபுல்லா சர்வைவல் கர்வ் தான், அதாவது எத்தனை பேர் எவ்ளோ நாள் உயிரோட இருக்காங்கன்னு காட்டுற கிராஃப். புது மருந்து என்னென்ன வருதுன்னு தெரியும், சரி, ஆனா அதை எதுல டைல்யூட் பண்றது, கலந்தப்புறம் எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த மாத்திரையோட மோதும்னு ஒரு ஸ்லைடு கூட இல்ல. ஆக்சாலிபிளாட்டின்ங்கிற கீமோ மருந்தை சலைன்ல போடக்கூடாது, டெக்ஸ்ட்ரோஸ்ல தான் போடணும்ங்கிற மாதிரி விஷயமெல்லாம் மேடை ஏறாது போல.

பார்மசி செஷன் கீழ ஒரு சின்ன ரூம்ல, அதுவும் மெயின் செஷன் நடக்குற அதே நேரத்துல. ஆனா காசு தேறினது அங்க தான். வின்கிறிஸ்டின்ங்கிற கீமோ மருந்து பத்தி பேசினவங்க, உங்கள்ல எத்தனை பேர் இன்னும் சிரிஞ்ச்ல அனுப்புறீங்கன்னு கேட்டாங்க. ரத்தக்குழாய்ல போக வேண்டிய அந்த மருந்து தப்பித்தவறி முதுகுத்தண்டுக்குள்ள போனா பிழைக்கிறதே அபூர்வம், 2007-லயே உலக சுகாதார நிறுவனம் மினி பேக்ல, அதாவது சின்ன டிரிப்ஸ் பையில, கலந்து குடுங்கன்னு சொல்லிடுச்சு, பையா தொங்கினா யாரும் அதை ஸ்பைனல் ஊசியில மாட்ட மாட்டாங்க, அவ்ளோ சிம்பிள் லாஜிக். கை தூக்கினவங்க கொஞ்சம் பேர். என் கை பாதி வரைக்கும் போய் மூக்கை சொறிஞ்சுட்டு இறங்கிடுச்சு.

அடுத்து ஒர்க்‌ஷாப். மருந்துக்கு பதில் ஒளிர்ற சாயம் இருக்குற வயல் (குட்டி மருந்து பாட்டில்) குடுத்து எப்பவும் பண்ற மாதிரி சிரிஞ்ச்ல டிரா பண்ணுங்கன்னாங்க. நான் ரொம்ப நீட்டா பண்ணேன்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நின்னேன். லைட்டை அணைச்சு யூவி லைட் அடிச்சா கிளவுஸ் நுனியில ரெண்டு சொட்டு, கவுன் கைமடிப்புல ஒரு கோடு, வயல் ரப்பரை சுத்தி புள்ளி புள்ளியா பச்சையா மின்னுது. பத்து வருஷ சர்வீஸ்! பக்கத்துல இருந்த சின்னப் பையன் கிளவுஸ் சுத்தமா இருந்துச்சு, அது இன்னும் எரியுது எனக்கு.

புராஸ்டேட் கேன்சர் மாத்திரை அபிராடிரோன் பத்தின டாக்கும் சூப்பர். வழக்கமா வெறும் வயித்துல 1000 மில்லிகிராம். கொழுப்பு கம்மியான காலை சாப்பாட்டோட 250 மில்லிகிராம் குடுத்துப் பார்த்த 2018 ஆய்வுல பிஎஸ்ஏ (அந்த கேன்சரோட போக்கைக் காட்டுற ரத்த டெஸ்ட் அளவு) கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியிருக்கு. ஆனா மொத்தமே 72 பேர் தான், சின்ன ஆய்வு, பேஷன்ட் தானா டோஸைக் குறைக்கிற வேலையெல்லாம் கூடவே கூடாதுன்னு பேசினவங்களே அழுத்தி சொன்னாங்க. மாத்திரை வாங்க முடியாம பாதியில நிறுத்துறவங்களை கவுன்ட்டர்ல பாக்குறது நாமதான, அதான் மனசுல நின்னுச்சு.

போஸ்டர் ஹாலை விட்டுடாதீங்க. கேபசிடபின்ங்கிற கீமோ மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, உடம்பு அதை சரியா உடைக்குமான்னு பாக்குற டிபிஒய்டி ஜீன் டெஸ்ட் பண்றது பத்தி ஒரு போஸ்டர், அதை போட்டவங்க ஆளே இல்லாம தனியா நின்னுட்டு இருந்தாங்க, ரிசல்ட் லேட்டானா முத சைக்கிளுக்கு (முத ரவுண்டு மருந்துக்கு) என்ன பண்றீங்கன்னு கேட்டேன், நாப்பது நிமிஷம் போச்சு, எந்த ஹால்லயும் கிடைக்காத பேச்சு.

ஆப் மட்டும் குப்பை, ரூம் மாத்தினதை செஷன் முடிஞ்சப்புறம் சொல்லுது. அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். திரும்பி வந்ததும் ஒரு யூவி டார்ச் வாங்கி எங்க டீமுக்கு டெஸ்ட் வெச்சேன், இப்ப என்னைப் பாத்தாலே எல்லாரும் கைமடிப்பை பாத்துக்குறாங்க. சர்டிபிகேட் இன்னும் வரல, மெயில் போட்டிருக்கேன்.