வாசித்துக் காட்டுவதா, நடிக்க வைப்பதா?

ஏளனம் பற்றிய கதையைத் தரம் 5 பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். கதை, எலினோர் எஸ்டஸ் 1944இல் எழுதிய ‘த ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்’. போலந்துக் குடும்பத்து வாண்டா தினமும் ஒரே மங்கிய நீலச் சட்டையில் அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். வீட்டில் நூறு சட்டை இருக்கிறது என்கிறாள். சிரிக்கிறார்கள்.

செலவு: வாசிக்க ஒரு புத்தகம். நடிக்கத் தாளும் கலர் பென்சிலும். கதையிலும் அந்த நூறு சட்டைகள் வாண்டா வரைந்த படங்கள்தானே.

நேரம்: வாசிப்பு நாலைந்து பாடவேளை. நாடகம் என்றால் வாரக்கணக்கு, அதிலும் மழை தொடங்கினால் ஒத்திகைக்குப் பாதிப் பேர்தான்.

பிள்ளையின் மனசு: இங்கேதான் யோசிக்க வேண்டும். வாண்டா யார் என்று கேட்டதும் வகுப்பு, தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளையைத்தான் கைகாட்டும். வாய் பிளந்த சப்பாத்து, ஈரக் காலுறை, கடைசி வாங்கு. ‘தோட்டக்காட்டான்’ என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு மேடையிலும் அதே சிரிப்பா? வாசிக்கும்போது அது குனிந்தபடி கேட்கலாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாடகம்தான் என்றால் வேடத்தை டவுன் பிள்ளைக்குக் கொடுங்கள்.

மனதில் நிற்பது: நாடகம்தான். ஆனால் வாயைத் திறக்காமல் பார்த்து நிற்கும் வகுப்புத் தோழி மேடியின் பயம், ‘அடுத்து நானோ’ என்பது, வாசிப்பில்தான் பிடிபடும்.

கேலி இப்போதே நடக்கிற வகுப்பென்றால் வாசியுங்கள். ஒருவரோடொருவர் நன்றாகப் பழகிய வகுப்புக்கு, வருடக் கடைசியில், நாடகம்.