பழைய காரின் பூர்வீகம்: ஆர்.சி. சொல்வதும் தகரம் சொல்வதும்

"ஏனுங்கண்ணா, ஒரே கை வண்டிங்க. டாக்டரு ஒருத்தரு ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் ஓட்டுனது. மீட்டரப் பாருங்க, நாப்பதாயிரங்கூடத் தாண்டல." கோயமுத்தூரில் ஆரம்பித்துக் கரூர் வரைக்கும் பழைய கார் விற்கும் எந்த ஆட்டோ கன்சல்டிங் வாசலில் நின்றாலும் இந்த டாக்டர் வந்துவிடுவார். இத்தனை கார் ஓட்டியவருக்கு வைத்தியம் பார்க்க நேரம் எங்கே கிடைத்தது என்று கேட்கத் தோன்றும். கேட்டுப் புண்ணியமில்லை. அவர் கதையைச் சரிபார்க்க என்ன வழி, எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்பதே மேல்.

நம் கைக்கு எட்டும் வழி ஐந்து: அரசின் வாகன் பதிவு, இன்சூரன்ஸ் காகிதம், சர்வீஸ் ஹிஸ்டரி, நம்ம மெக்கானிக், பழைய கார் விற்கும் பெரிய கம்பெனிகள் தரும் சான்று. ஐந்தும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று நினைத்துக்கொண்டு, ஏதாவது ஒன்றைப் பார்த்த கையோடு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். காகிதமாக இருப்பவை எல்லாம் யாரோ தன் தேவைக்கு எழுதி வைத்த கணக்கு. கம்பெனிச் சான்றை விட்டால், பின்னால் வாங்கப்போகிறவனை மனதில் வைத்து எழுதியது அதில் ஒரு வரிகூட இல்லை.

வாகன் பதிவு: ஆளைப் பிடிக்கப் பிறந்தது

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29-ல். ஏழு வருஷத்துக்குள் பாரிஸ் போலீஸ் விழித்துக்கொண்டது. 1893 ஆகஸ்ட் 14-ல் வந்த உத்தரவுப்படி ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் ஒரு உலோகத் தகடு இருக்க வேண்டும். அதில் உரிமையாளரின் பெயர், விலாசம், அனுமதி எண் மூன்றும் படிக்கிற மாதிரி எழுதியிருக்க வேண்டும். நம்பர் பிளேட்டின் ஆரம்பம் அதுதான். பிரிட்டனில் 1903-ல் சட்டம் போட்டு, 1904 ஜனவரி 1 முதல் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. இடித்துவிட்டு ஓடுகிறவனைப் பிடிக்கவும் வரி வாங்கவும் போட்ட ஏற்பாடு இது. வண்டி எப்படி வாழ்ந்தது என்ற கேள்வி அன்றைக்கே அதில் இல்லை.

இன்றைக்கும் இல்லை. பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ நம்பரைத் தட்டினால் பதிவான தேதி, எரிபொருள், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று காலாவதி, கடன் இருக்கிறதா, கருப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். ஓனர் பெயரில் பாதி எழுத்து நட்சத்திரமாக இருக்கும். இ-சலான் பாக்கி தனியாகத் தெரியும். திருட்டு வண்டியா என்று பார்க்க தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவை இருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை, காசும் கேட்காது. இதைப் பார்க்காமல் வண்டி பார்க்கவே கிளம்பக் கூடாது. ஆனால் முன்பக்கம் நொறுங்கிக் கட்டிய வண்டியும், பூப்போல வைத்திருந்த வண்டியும் இந்தத் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

நம் ஊரில் இந்தப் பதிவுக்கு ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. பேங்க் கடன் வாங்கியிருந்தால் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் ஏறும். கடன் முடிந்ததும் பேங்கின் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்றோடு படிவம் 35 கொடுத்தால் அது நீங்கும். ஈரோடு, திருச்செங்கோடு, திருப்பூர்ப் பக்கம் ஆர்.சி.யை அடமானமாக வைத்து வாங்கும் தனியார் பைனான்ஸ் இருக்கிறதே, அதில் பல எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாது. ஒரிஜினல் ஆர்.சி. பைனான்ஸ்காரர் பீரோவில் தூங்கும். கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவம் 29, 30 அதன்மேல் கிளிப் போட்டு இருக்கும். இங்கே விற்கிறவர் "ஆர்.சி. தொலைஞ்சு போச்சுங்க, டூப்ளிகேட் எடுத்துத் தர்றேன்" என்பார். அந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிடுவது உத்தமம்.

"ஒரே கை" என்பதும் இதே ஓட்டை வழியாகத்தான் நுழைகிறது. முதல் ஓனரிடம் வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டியை மூன்று பேருக்கு விற்பது நெடுநாள் வழக்கம். பதிவில் பார்த்தால் சிங்கிள் ஓனர். ரோட்டில் பார்த்தால் நாலாவது கை. இப்படிப் பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொன்னது. விற்றவர்கள் கொஞ்சம் உஷாரானது அதற்கப்புறம்தான். பழைய வண்டி வியாபாரிகள் முறையாக அங்கீகாரம் வாங்க வேண்டும், தங்கள் கைக்கு வந்த வண்டிக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. கடைக்காரரிடம் அந்த அங்கீகாரத்தைக் கேளுங்கள். அவர் முகம் போகிற போக்கே பாதிப் பதில்.

இன்சூரன்ஸ்: அரைகுறைச் சாட்சி

பாலிசியில் என்.சி.பி. (க்ளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) என்று ஒரு கட்டம் இருக்கும். க்ளெய்ம் போடாத ஒவ்வொரு வருஷத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஆறு வருஷ வண்டி, "ஒரு கீறல் இல்லீங்க" என்கிறார். பாலிசியில் 20 என்று இருக்கிறது. அப்படியானால் இடையில் என்னமோ நடந்திருக்கிறது, கேளுங்கள். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. என்.சி.பி. ஆளோடு போவது, வண்டியோடு அல்ல; பழைய வண்டியில் சேர்த்ததை இதில் மாற்றியிருக்கலாம். க்ளெய்ம் போட்டாலும் என்.சி.பி. குறையாத ஆட்-ஆன் எடுத்திருக்கலாம். பட்டறையில் ரொக்கம் கொடுத்துச் சரிசெய்திருந்தால் சுவடே இருக்காது.

ஒன்றை மட்டும் விடாமல் கேட்க வேண்டும்: டோட்டல் லாஸ் ஆன வண்டியா? பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி அப்படி அறிவித்துப் பணத்தைக் கொடுத்துவிடும். மிச்சமிருக்கும் வண்டி ஏலத்துக்குப் போகும். சில வண்டிகள் அங்கிருந்து பட்டறைக்குப் போய் மறுபடி ரோட்டுக்கு வருகின்றன. 2015-லும் 2023-லும் டிசம்பரில் சென்னையில் எவ்வளவு கார் மூழ்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பதிவு நம்பர் கண்ணில் பட்டால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிவரை கழுவ யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. சேற்றுக் கோடு அங்கே நிற்கும்.

சர்வீஸ் ஹிஸ்டரியும் மீட்டரும்

வேகமானிக்கு பெர்லினில் ஓட்டோ ஷுல்ஸே காப்புரிமை வாங்கியது 1902-ல். கிலோமீட்டர் எண்ணிக்கையைப் பின்னால் சுற்றும் கை எப்போது முளைத்தது என்று யாரும் காப்புரிமை வாங்கவில்லை. அமெரிக்காவில் இந்த மோசடி தாங்காமல் 1972-ல் தனிச் சட்டமே போட்டார்கள். வண்டி வரலாற்றை விற்கும் கார்ஃபாக்ஸ் கம்பெனி 1984-ல் அங்கே முளைத்ததும் இதனால்தான். அந்த ஊரில் வண்டியின் வரலாறு முழுதாக ஒரே காகிதத்தில் வரும் என்று சொல்வார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லாததால் சர்வீஸ் சென்டர் பதிவுதான் கதி.

மீட்டருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தேதி போட்டு, கிலோமீட்டர் போட்டு, மாற்றிய பாகம் போட்டு வரிசையாக இருக்கும். 2019-ல் 71,000 என்று பில் இருக்கும். நம் முன்னால் நிற்கும் மீட்டர் 48,000 காட்டும். விவகாரம் அத்தோடு முடிந்தது. வாரண்டி முடிந்ததும் வெளிப் பட்டறைக்குப் போவது நம் பழக்கம் என்பதால் நாலைந்து வருஷத்துக்கு மேல் பதிவு அறுந்துவிடும். இருக்கிற பதிவையும் ஓனர் சம்மதம் இல்லாமல் தர மாட்டார்கள். விற்கிறவரையே கூட்டிப்போய்க் கவுண்டரில் கேட்க வையுங்கள். வர மறுத்தால் அதுவும் ஒரு தகவல்.

மெக்கானிக்: தகரத்தைப் படிக்கிறவர்

கொங்கு நாட்டில் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி.டி. நாயுடு ஒற்றைப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பகுதியில் மோட்டார் தொழில் ஊறிக் கிடக்கிறது. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி என்று தகரத்தோடு புழங்கும் கைகள் ஊருக்கு ஊர் உண்டு. இதே கைகள்தான் அடிபட்ட வண்டியைப் புத்தம்புதுசாக நிமிர்த்தியும் கொடுக்கின்றன. நல்ல டிங்கர் செய்த வேலையைக் கண்டுபிடிக்க இன்னொரு நல்ல டிங்கர் வேண்டும்.

அவர் பார்ப்பதைக் கூட நின்று பாருங்கள். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணக்கூட மாட்டார். முதலில் பானட்டைத் தூக்கி, கீல் போல்ட்டின் தலையை டார்ச் அடித்துப் பார்ப்பார். ஸ்பேனர் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தால் பானட் கழன்றிருக்கிறது. அடுத்து அப்ரான் (பானட்டுக்குள் இரு பக்கமும் இருக்கும் தகரம்) ஓரத்தில் ஸ்பாட் வெல்டிங் குழிகள். ஃபேக்டரியில் போட்டது வட்டமாக, ஒரே இடைவெளியில், வரிசை பிசகாமல் இருக்கும். கையால் வைத்தது அப்படி அமையாது; விரல் வைத்தாலே மேடு தட்டும். கதவு ரப்பரைப் பிதுக்கி பில்லரைப் பார்ப்பார், டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடித்தட்டைப் பார்ப்பார். கண்ணாடிகளில் அச்சிட்ட வருஷக் குறி எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். டயரில் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரம். 30,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லும் 2016 வண்டிக்கு நாலும் 2019 டயர் என்றால், ஏன் மாற்றினார்கள்?

கடைசியாக சேஸிஸ் நம்பர். பதினேழு எழுத்து. ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்தும் அதில் வரவே வராது; ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். நம்பர்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஃபோர்டு மாடல் டி காலத்தில் இஞ்சின் நம்பர்தான் வண்டியின் அடையாளம். இஞ்சினை மாற்றினால் ஆளே மாறிய மாதிரி. அந்தக் குழப்பம் இப்போது இல்லை. தேய்த்து மறுபடி அடித்த நம்பரும் பென்சில் பிரிண்டில் தெரிந்துவிடும்.

மெக்கானிக் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: கடைக்காரர் "நம்ம ஆளு இருக்காருங்க" என்று காட்டுகிறவர் வேண்டாம். கமிஷன் இரண்டு பக்கமும் போகும்.

கம்பெனிச் சான்று

சான்றிதழோடு வரும் கார் வெளியில் இருப்பதைவிட விலை கூடுதல். பெயர் மாற்றும் அலைச்சல் இல்லை, காகிதம் சுத்தமாக இருக்கும் என்பது உண்மையான லாபம். வாரண்டி பெரும்பாலும் இஞ்சின், கியர்பாக்ஸோடு நின்றுவிடும், ஏ.சி., சஸ்பென்ஷன் எல்லாம் நம் தலையில். சோதனை அறிக்கையில் "சிறு பழுது நீக்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தால் எந்தப் பேனல் என்று கேளுங்கள்.

சொந்தக்காரர் வண்டியை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. பங்காளி வண்டிக்கு டார்ச் அடித்துப் பார்க்க முடியாது. அடுத்த சீருக்கு முகம் பார்க்க வேண்டுமே.

எதற்கு எவ்வளவு செலவழிப்பது? இரண்டு லட்சத்துக்குள் தோட்டத்துக்கும் ஊருக்கும் ஓட்டுகிற வண்டி என்றால் வாகன் பதிவும் மெக்கானிக்கும் போதும், என்.சி.பி.யை நோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐந்தாறு லட்சம் என்றால் சர்வீஸ் ஹிஸ்டரி இல்லாமல் நான் பேச்சே எடுக்க மாட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாக வரும் கேரளா நம்பர் வண்டிக்கு, வேறு மாநிலத்துக்கு மாற்ற வேண்டிய படிவம் 28 என்.ஓ.சி.யும் தமிழ்நாட்டு வரியும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே மலிவா என்று சொல்ல முடியும். வால்பாறை மலை ஏறி இறங்கிய டாக்ஸி சொந்தப் பதிவுக்கு மாறி வந்திருந்தால் கிளட்ச் பிளேட் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். இதில் எந்த வண்டியாக இருந்தாலும், பெயர் மாற்ற விண்ணப்பம் போய்ச் சேரும்வரை பத்தாயிரமாவது கையில் பிடித்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.