மீன் இல்லாத தொட்டியை 36 நாள் ஓட்டினேன் – மூன்று வருடம் கழித்து ஒரு பகிர்வு

என் முதல் தொட்டியின் கதையைச் சொல்லாமல் இதை ஆரம்பிக்க முடியாது. 2021ல் ரெண்டடித் தொட்டி வாங்கியபோது கடைக்காரர், "தண்ணி ஊத்தி ஒரு நாள் மோட்டார் ஓடட்டும் சார், நாளைக்கே மீன் விடலாம்" என்றார். விட்டேன். ஐந்து கோல்டு ஃபிஷ். மூன்றாம் நாளே மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன, எட்டாம் நாள் கடைசி மீனை மல்லிச் செடிக்கு அடியில் புதைத்தோம். மகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள்.

கடைக்காரர் சொன்ன அந்த ஒரு நாள், குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பறந்து போவதற்கான கணக்கு. மீன் வெளிவிடும் அம்மோனியாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா தின்று நைட்ரைட்டாக மாற்ற வேண்டும், அந்த நைட்ரைட்டை இன்னொரு வகை தின்று நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அளவோடு இருந்தால் பரவாயில்லை. இந்த பாக்டீரியாக்கள் சாவகாசமாகத்தான் பெருகும், வசிப்பதும் பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான், தண்ணீரில் ரொம்பக் கொஞ்சம். அவை குடியேறும்வரை தொட்டியை ஓட்டுவதைத்தான் சைக்கிளிங் என்கிறார்கள். அதிலும் எங்கள் சென்னை வேளச்சேரி போர் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 8. அதே அளவு அம்மோனியா பிஎச் 7ல் இருப்பதைவிட 8ல் ஏறக்குறைய பத்து மடங்கு கொடியது, சூடும் கூடினால் இன்னும் மோசம். நம் ஊர் மே மாதத்தில் கோல்டு ஃபிஷ் எட்டு நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

2022 ஜூனில் அதே தொட்டியைத் தூசி தட்டி எடுத்தேன். கல், தண்ணீரெல்லாம் போட்டால் சுமார் 55 லிட்டர் பிடிக்கும். மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், தண்ணீரைச் சோதிக்க ஏபிஐ கம்பெனியின் திரவ டெஸ்ட் கிட் வாங்கினேன். கிட் விலை ஃபில்டரைவிட, மீனைவிட அதிகம். வீட்டில் கேட்டபோது பாதி விலைதான் சொன்னேன்.

மீனே இல்லாமல் அம்மோனியா எங்கிருந்து வரும்? சிலர் மீன் தீனியைப் போட்டு அழுக விடுவார்கள், அதில் அளவு தெரியாது, வீடும் நாறும். நான் அம்மோனியம் குளோரைடு பயன்படுத்தினேன். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே நவச்சாரம், அதேதான். நாட்டு மருந்துக் கடைக் கட்டியில் வேறு என்ன கலந்திருக்குமோ என்ற பயத்தில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் சுத்தமானதாக வாங்கினேன். 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், அதில் 35 மில்லி ஊற்றினால் 55 லிட்டர் தொட்டியில் அம்மோனியா 2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வந்துவிடும். மருந்துக் கடை சிரிஞ்ச் போதும். பாட்டில் மேல் பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

முதல் ஒன்பது நாள் ஒன்றுமே நடக்கவில்லை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டியூபில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, இரண்டு பாட்டிலிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் கிட்டின் நிற அட்டையோடு வைத்துப் பார்ப்பேன். அம்மோனியா குறையவில்லை என்று காட்டும் அதே பச்சை. அம்மா ஒரு நாள், "மீனே இல்லாத தொட்டியில தினமும் என்னடா ஜோசியம் பாக்குற?" என்று கேட்டுவிட்டுப் போனார். பத்தாம் நாள் பச்சை கொஞ்சம் வெளுத்தது, நைட்ரைட் டியூப் வான நீலத்திலிருந்து லேசாக ஊதாவுக்குத் திரும்பியது. அன்று எனக்கிருந்த சந்தோஷம் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

அப்புறம்தான் சோதனை. 17ஆம் நாளிலிருந்து நைட்ரைட் கத்தரிக்காய் நிறத்தில் அப்படியே நின்றுவிட்டது. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்துவிட்டதால் முடிந்துவிட்டது போலத் தோன்றும். மகள் வேறு தினமும் "அப்பா, மீன் எப்போ?" என்று நச்சரிப்பாள். நைட்ரைட் மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும், அந்த ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறும். ஊற்றும் அம்மோனியா அளவைப் பாதியாகக் குறைத்தேன், 24ஆம் நாள் பாதித் தண்ணீரை மாற்றினேன், மற்றபடி காத்திருந்தேன். 36ஆம் நாள், 2 பிபிஎம் ஊற்றி 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம். முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீரை மாற்றிவிட்டு எட்டு ஜீப்ரா டேனியோ (கோடு போட்ட சின்ன மீன்) விட்டேன். முதல் மாதம் ஒன்றுகூடச் சாகவில்லை.

கிட் பற்றி ஒரு குறை. நைட்ரேட்டின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும், உள்ளே இருப்பது அடியில் தங்கிவிடும். நான் தாளைப் படிக்காமல் பல வாரம் "நைட்ரேட் வெறும் 5" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். குலுக்கிப் பார்த்தால் 40. அதன் பிறகுதான் வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுவதும், மணி பிளான்ட் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிடுவதும் ஆரம்பித்தது.

சைக்கிளிங்கை வேகப்படுத்தும் என்று கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டிலும் ஒன்று வாங்கி ஊற்றினேன். என் தொட்டியில் அதனால் ஒரு நாளாவது குறைந்ததாகத் தெரியவில்லை. நன்றாக வேலை செய்கிறது என்கிறவர்களும் இருக்கிறார்கள், சரி, எனக்கு வந்த பாட்டில் எத்தனை கோடை கடை அலமாரியில் கிடந்ததோ.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மச்சானிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். மனிதர் ரொம்பப் பொறுப்பானவர். ஸ்பாஞ்ச் அழுக்காக இருக்கிறதே என்று மெட்ரோ வாட்டர் குழாயில் பிழிந்து பிழிந்து பளிச்சென்று கழுவி மாட்டிவிட்டார், ஸ்பாஞ்சில் பாக்டீரியா நடத்திய ஏழு மாதக் குடித்தனம் குளோரின் தண்ணீரில் அத்தோடு போச்சு. திரும்பி வந்து பார்த்தால் நைட்ரைட் 1. தினமும் தண்ணீர் மாற்றி, பத்து லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கல் உப்புக் கரைத்து விட்டேன், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டை மீனின் செவுளுக்குள் நுழைய விடாமல் தடுக்கும். பதினோரு நாள் ஆனது, இரண்டு டேனியோ போயின. இப்போதெல்லாம் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் நாலு முறை அமுக்கி எடுப்பதோடு சரி.

மிக்ஜாம் புயலுக்கு, 2023 டிசம்பரில், மூன்று நாள் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் முதல் நாளே மூச்சை விட்டது. தீனியை அடியோடு நிறுத்திவிட்டு, நானும் மகளும் முறை வைத்து மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். கரண்ட் வந்ததும் பார்த்தால் அம்மோனியா 0.25தான், இரண்டே நாளில் அதுவும் இறங்கிவிட்டது. மூடிய டப்பா மாதிரியான கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருந்த நண்பருக்கு வேறு கதை: உள்ளே தண்ணீர் அழுகி நாறியது, நல்லவேளை, அலசாமல் அவர் சுவிட்சைப் போடவில்லை.

இன்னொரு நண்பர் முழுக்க ஆர்ஓ தண்ணீரில் ஆரம்பித்து மூன்றாம் வாரம் நகராமல் நின்றார். அம்மோனியாவை மாற்றும் வேலை தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும், ஆர்ஓவில் தின்பதற்கு என்ன இருக்கிறது, பிஎச் கீழே விழுந்து பாக்டீரியா சோர்ந்துவிட்டது. கொஞ்சம் ஆப்ப சோடா போட்டதும் ஓட ஆரம்பித்தது. உப்புத் தண்ணீர் என்று நாம் திட்டும் போர் தண்ணீர் இதில் மட்டும் கைகொடுக்கும்.

2024ல் இரண்டாவது தொட்டி வைத்தபோது, புது ஸ்பாஞ்சை மூன்று வாரம் முன்பே பழைய தொட்டியில் போட்டு ஊறவைத்து, அப்படியே ஈரத்தோடு மாற்றினேன். ஒன்பதே நாளில் சைக்கிளிங் முடிந்தது. அதனால் தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி ஓடுகிறது என்றால் வெட்கப்படாமல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கேளுங்கள், அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே கவரில் போட்டு, காயவிடாமல் அன்றைக்கே மாட்டிவிடுங்கள். போன வாரம் மாடி வீட்டுக்காரர் என்னிடம் பாதி ஸ்பாஞ்ச் வெட்டி வாங்கிப் போனார். நேற்று ராத்திரி டியூபை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், ஆறாம் நாள், இன்னும் ஊதாதான்.