என்யூஎஸ்ஸில் தங்கப் போகிறவர்களுக்கு: ஹாலா, ரெசிடென்ஷியல் காலேஜா, வெறும் அறையா?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைகள் எந்தப் பாடம் எடுப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள், எங்கே தங்குவது என்பதை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடுகிறார்கள். ஜேசியில் (பல்கலைக்கு முந்தைய ஜூனியர் காலேஜில்) கூடப் படித்த நண்பன் எதைப் போட்டானோ அதையே போடுவது, இல்லையென்றால் படத்தில் எந்த அறை பளிச்சென்று இருக்கிறதோ அதைப் போடுவது. முதல் இரண்டு வருஷம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவீர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பீர்கள், உங்கள் துறைக்கு வெளியே இருக்கிற ஆட்களோடு பழகுவீர்களா மாட்டீர்களா, இதெல்லாம் இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் ஒரு கேள்வியை முடித்துவிடுவோம், ஏனென்றால் நம் வீடுகளில், அதுவும் பெண்பிள்ளை என்றால், அதுதான் முதலில் வரும்: "வீடு இங்கேயே இருக்கும்போது எதுக்கு ஹாஸ்டல்?" சிங்கப்பூர் சின்ன ஊர்தான், ஆனால் தெம்பனிசிலிருந்தோ உட்லண்ட்சிலிருந்தோ வளாகம் இருக்கிற கென்ட் ரிட்ஜ் வரைக்கும் தினமும் போய்வருவது விளையாட்டில்லை. ஒரு நாளில் இரண்டு, இரண்டரை மணி நேரம் எம்ஆர்டியிலும் பேருந்திலும் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு, வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடுகிற பிள்ளைக்குத் தன் துறையைச் சேர்ந்த நாலு பேரைத் தவிர யாரையும் தெரியாமலே நாலு வருஷம் ஓடிவிடும். என் அக்கா மகளுக்காக வீட்டில் இந்த வாதத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு வருஷமாவது வளாகத்தில் தங்கவிடுங்கள்.

சரி, எதில் தங்குவது? பெரிய பிரிவு மூன்று. ஹால் என்று சொல்கிற பழைய விடுதிகள். ஒவ்வொன்றும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு பாடமும் நடத்துகிற ரெசிடென்ஷியல் காலேஜ்கள். அப்புறம் எந்த நிபந்தனையும் இல்லாத ரெசிடென்ஸ்கள். ஹால் உங்கள் மாலை நேரத்தைக் கேட்கும், காலேஜ் உங்கள் படிப்பில் ஒரு பங்கைக் கேட்கும், ரெசிடென்ஸ் வாடகையை மட்டும் கேட்கும்.

ஹால்களுக்கு வரலாறு நீளம். கிங் எட்வர்ட் ஹால் 1916-இல் மருத்துவ மாணவர்களுக்காகத் தொடங்கியது, இந்தப் பல்கலைக்கழகம் இன்றைய பெயரை எடுப்பதற்கு வெகு காலம் முன்பு. ராஃபிள்ஸ், யூசோஃப், ஷியர்ஸ், தெமாசெக், கென்ட் ரிட்ஜ் என்று மற்றவையும் ஒவ்வொன்றும் ஒரு குலம் மாதிரிதான் நடந்துகொள்ளும். இங்கே அறிவிக்கப்பட்ட கருப்பொருள் எதுவும் கிடையாது. ஆனால் எழுதப்படாத கருப்பொருள் ஒன்று எல்லா ஹாலுக்கும் உண்டு, அது சிசிஏ, அதாவது இணைப்பாட நடவடிக்கை. விளையாட்டு, நடனம், நாடகம், இசைக்குழு, மாணவர் குழுப் பொறுப்பு என்று ஏதாவது ஒன்றில், முடிந்தால் மூன்று நாலில், நீங்கள் இருக்க வேண்டும். ஹால்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி வந்துவிட்டால் ஒரு கிரிக்கெட் ரசிகனின் வெறி அங்கே ஃப்ளோர்பாலுக்கும் டச் ரக்பிக்கும் கிடைக்கும்.

இதில் பெற்றோருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. ஹாலில் இடம் ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷமும் இருக்க வேண்டுமென்றால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், சிசிஏவில் என்ன செய்தீர்கள் என்பதற்குப் புள்ளிகள் உண்டு, அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் யார் இருப்பது யார் கிளம்புவது என்று முடிவாகும். ஆகவே "எனக்குப் பிடித்தால் பயிற்சிக்குப் போவேன்" என்ற கதை நடக்காது. பரீட்சைக்கு முந்தைய வாரத்திலும் ஒத்திகை இருக்கும், நீங்கள் போகாவிட்டால் குழுவில் இருக்கும் மற்றவர்களின் முகம் மாறும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சேர்ந்து வியர்த்தவர்களுக்கிடையே வருகிற நட்பு வேறு எந்த வகையிலும் வராது, அதை வாங்க இதுதான் விலை. விலை தெரிந்து போங்கள், அவ்வளவுதான்.

ரெசிடென்ஷியல் காலேஜ் இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்த யோசனை. பழைய வாரன் கோல்ஃப் மைதானம் இருந்த இடத்தில் யூனிவர்சிட்டி டவுன் எழுந்தபோது, 2011-இல், டெம்புசு காலேஜும் ஆலிஸ் அண்ட் பீட்டர் டான் காலேஜும் முதலில் வந்தன. இரண்டாவதை எல்லாரும் கேப்ட் என்றுதான் சொல்வார்கள். பிறகு ஆர்சி4 (ரெசிடென்ஷியல் காலேஜ் 4), அக்கேசியா ஆகியவையும் அங்கேயே சேர்ந்தன. ரிட்ஜ் வியூ 2014-இல் டவுனுக்கு வெளியே தொடங்கியது. அடிப்படை ஒன்றுதான். நீங்கள் பொறியியலோ சட்டமோ வணிகமோ படிக்கலாம், ஆனால் தங்கும் கட்டடத்துக்குள்ளேயே, அங்கேயே குடியிருக்கும் ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து நடத்தும் சின்ன கருத்தரங்கு வகுப்புகளில் சில பாடங்களை முடிக்க வேண்டும். இவை பொதுக்கல்விப் பாடங்களின் இடத்தில் கணக்காகும். ஆகவே "கூடுதல் சுமையாச்சே, மார்க் போயிடுமே" என்று அம்மா அப்பா பயப்பட வேண்டாம், எப்படியும் எடுக்க வேண்டிய ஒன்றை முன்னூறு பேர் உட்காரும் அரங்கத்துக்குப் பதிலாகப் பதினைந்து பேர் உட்காரும் அறையில் எடுக்கிறீர்கள். யூனிவர்சிட்டி டவுன் காலேஜ்களில் இந்தத் திட்டம் இரண்டு வருஷம், அந்த இரண்டு வருஷமும் இடம் உண்டு. புள்ளிக்கு ஓட வேண்டியதில்லை. எனக்கு இதுதான் காலேஜின் பெரிய பலமாகப் படுகிறது. தூக்கி வெளியே போட்டுவிடுவார்களோ என்ற கவலை இல்லாதபோதுதான் ஒரு பிள்ளை தனக்குத் தெரியாத ஒன்றைத் துணிந்து தொட்டுப் பார்க்கும்.

இனி காலேஜ்களுக்குள்ளே. டெம்புசுதான் எல்லாவற்றிலும் பரந்தது. பெயர் ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கிற அதே மரத்தின் பெயர். ஒரே கருப்பொருளில் கட்டிப்போடாமல், துறைகளுக்கு நடுவில் விழும் கேள்விகளை எடுத்துக்கொள்வார்கள்: போலிகள் என்றால் என்ன, சிங்கப்பூர் உண்மையிலேயே மற்ற ஊர்களுக்கு முன்மாதிரி நகரமா, உயிர்மருத்துவம் இந்தச் சமுதாயத்தை என்ன செய்கிறது, இப்படிப்பட்ட தலைப்புகளில் அங்கே வகுப்புகள் நடந்திருக்கின்றன. கடல் சட்டத்துக்கான ஐ.நா. மாநாட்டுக்குத் தலைமை வகித்த தூதர் டாமி கோ இதன் ரெக்டராக, அதாவது காலேஜின் தலைவராக, இருந்தவர், அவர் காலத்தில் வெளியாட்களை அழைத்து நடத்திய உரையாடல்கள் காலேஜுக்கே ஒரு குணத்தைக் கொடுத்தன. பேசப் பிடிக்கும், ஆனால் எதைப் பற்றி என்று இன்னும் முடிவாகவில்லை என்கிற பிள்ளைக்கு டெம்புசு சரி. அங்கே மாணவர்களைப் பிரித்து வைத்திருக்கும் ஐந்து 'வீடு'களில் ஒன்றின் பெயர் கஜா, யானைதான், நமக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

கேப்ட் வேறு. கருப்பொருள் குடிமைப் பொறுப்பும் சமூக ஈடுபாடும். முதியோர், உடற்குறை உள்ளவர்கள், வருமானம் குறைந்த குடும்பங்கள், வெளிநாட்டு ஊழியர்கள் என்று இந்த ஊரின் பளபளப்புக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றிப் படித்து, வெளியே போய்ப் பழகி, திரும்பி வந்து அதைப் பற்றி எழுத வேண்டும். இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்ய வந்திருக்கிற பல்லாயிரம் ஊழியர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் உட்கார்ந்து பேசக்கூடிய மாணவர் என்பது அந்த மாதிரி வேலையில் எவ்வளவு பெரிய விஷயம்! பத்து வருஷம் தாய்மொழிப் பாடமாகப் படித்த தமிழ், பரீட்சைத் தாளைத் தாண்டி ஒரு மனிதருக்குப் பயன்படும் இடம் அது. நானாக இருந்தால் என் வீட்டுப் பிள்ளையை முதலில் கேப்ட்டை நோக்கித்தான் தள்ளுவேன். ஆனால் ஒன்று, சான்றிதழுக்காகத் தொண்டு செய்கிற மனநிலையோடு போனால் இரண்டு வருஷம் இழுபறியாக இருக்கும்.

ஆர்சி4 கணக்குப் பிள்ளைகளுக்கு என்று ஒரு பேச்சு உண்டு, அது பாதிதான் உண்மை. அங்கே கருப்பொருள் அமைப்புச் சிந்தனை, அதாவது ஒரு பிரச்சினையைத் தனித்தனித் துண்டாகப் பார்க்காமல், எது எதைத் தள்ளுகிறது, தள்ளியதன் விளைவு எவ்வளவு தாமதமாகத் திரும்பி வருகிறது என்று வரைந்து, கணினியில் மாதிரி செய்து பார்ப்பது. உதாரணத்துக்கு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் வீட்டுக்கு நீண்ட வரிசை, வரிசையைப் பார்த்து நிறையக் கட்டினார்கள், கட்டி முடிக்கப் பல வருஷம் ஆகும், நடுவில் 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்து வரிசை கலைந்தது, விற்காத வீடுகள் தேங்கின, அதற்குப் பிறகுதான் 2001-இல் போதுமான ஆட்கள் முன்பதிவு செய்தால்தான் கட்டுவது என்ற பிடிஓ முறை வந்தது. யாரும் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை, தாமதம்தான் எல்லாவற்றையும் செய்தது. இப்படி யோசிக்கப் பிடித்தால், நீங்கள் இலக்கியம் படித்தாலும் ஆர்சி4 உங்களுக்குப் பொருந்தும்.

ரிட்ஜ் வியூவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுற்றுச்சூழல் நீடித்திருத்தல் பக்கம் சாய்ந்தது, டவுனின் கூட்டத்திலிருந்து விலகி இருக்கிறது. அந்த விஷயத்தில் உண்மையான அக்கறை இருப்பவர்கள் முதல் தேர்வாகவே போடலாம். என்யூஎஸ் காலேஜை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. என்யூஎஸ்ஸின் யூஎஸ்பி (யூனிவர்சிட்டி ஸ்காலர்ஸ் புரோகிராம்) திட்டமும் யேல்-என்யூஎஸ் காலேஜும் இணைந்து 2022-இல் வந்த அது தனித் தேர்வு, தனிப் பாடத்திட்டம், தங்குமிடம் அதன் ஒரு பகுதி மட்டுமே.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் கருப்பொருள் விடுதி என்றால் பெரும்பாலும் நீ யார், உனக்கு என்ன பிடிக்கும் என்ற அடிப்படையில்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளி வாழ்க்கையை மையமாக வைத்து 1972-இல் தொடங்கிய உஜாமா, கலை ஆர்வலர்களுக்கு ரிஸ்லி, பூர்வகுடிப் பண்பாட்டுக்கு அக்வேகான் என்று தனித்தனிக் கட்டடங்கள். சிறுபான்மைப் பிள்ளைக்கு அது தரும் ஆசுவாசம் நிஜம். சிங்கப்பூரில் அந்த வழி கிடையாது. 1989-இலிருந்து வீவக பேட்டைகளிலேயே இன விகிதம் பார்த்து வீடு கொடுக்கும் ஊரில் தமிழர் விடுதி, மலாய் விடுதி என்ற பேச்சே எழாது. ஆகவே "நம்ம பிள்ளைகள் எங்கே அதிகம்?" என்று தேடிச் சேராதீர்கள். தமிழுக்குப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரவை இருக்கிறது, எந்தக் கட்டடத்தில் தங்கினாலும் அதில் சேரலாம். ஆனால் பேரவையில் மேடை நாடகத்துக்கு ஒத்திகை, ஹாலில் நடனத்துக்கு ஒத்திகை என்று இரண்டு பக்கமும் இழுத்தால் ஒன்று அறுந்துதான் போகும். பேரவைதான் முக்கியம் என்று ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு ஹால் நல்ல இடமில்லை.

சாப்பாட்டையும் பேசியாக வேண்டும். ஹாலிலும் காலேஜிலும் பருவம் நடக்கும்போது காலை, இரவு உணவுத் திட்டம் கட்டாயம், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் காசு கட்டியாகிவிட்டது. சைவமும் இந்திய உணவும் கிடைக்கும், ஆனால் மூன்றாவது வாரத்திலேயே அம்மா ரசத்தை நினைத்து ஏங்குவீர்கள். இருந்தாலும் அந்தக் கட்டாயத்தை நான் ஆதரிக்கிறேன். ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் எல்லாரும் சாப்பிடுவதால்தான் பல் மருத்துவம் படிப்பவனும் தத்துவம் படிப்பவளும் ஒரே மேசைக்கு வருகிறார்கள்.

ரெசிடென்ஸில் அது இல்லை. பிரின்ஸ் ஜார்ஜ்ஸ் பார்க்கிலோ யூடவுன் ரெசிடென்ஸிலோ உங்களுக்கு ஒரு அறை, பொது அடுப்படி, நிம்மதி. பிரின்ஸ் ஜார்ஜ்ஸ் பார்க்கிலிருந்து கென்ட் ரிட்ஜ் எம்ஆர்டி பக்கம். தோசை மாவு கரைத்து வைக்கலாம், யாரும் கதவைத் தட்டிப் பயிற்சிக்குக் கூப்பிட மாட்டார்கள். பகுதி நேர வேலை பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்றாலோ, ஆய்வகத்தில் நேரம் காலம் இல்லாமல் நிற்கும் துறை என்றாலோ இதுதான் நியாயமான தேர்வு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து நேரே வந்து இறங்குகிற, ஊரில் ஒருவரையும் தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் வருஷத்தில் இதை நான் சொல்ல மாட்டேன். கதவைச் சாத்தினால் ஒரு வாரம் யாரும் தேடாத இடம் அது. செலவு குறைவு என்று பெற்றோர் இதைத் தேர்ந்தெடுத்து, பிள்ளை தனிமையில் வாடியதைப் பார்த்திருக்கிறேன். லைட்ஹவுஸ், பயனியர் மாதிரியான ஹவுஸ்கள் ஹாலுக்கும் ரெசிடென்ஸுக்கும் நடுவில் வருகின்றன, ஹாலின் பாரம்பரியம் இல்லை, அந்த அழுத்தமும் இல்லை. இரண்டாவது தேர்வாகப் போட்டு வைக்கலாம்.

என் முடிவு இது. பள்ளியிலேயே ஒரு விளையாட்டிலோ நடனத்திலோ ஊறிப்போய், அது இல்லாமல் இருக்க முடியாது என்கிற பிள்ளை ஹாலுக்குப் போகட்டும், அங்கே அந்தப் பிள்ளை மலரும். ரெசிடென்ஸ்தான் நியாயம் என்று மேலே சொன்னவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் முதல் இரண்டு வருஷம் காலேஜ். ஹால் நட்பு ஆழமானது என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன், ஆனால் காலேஜ் தரும் நட்பில் வாக்குவாதமும் இருக்கிறது, பதினெட்டு வயதில் அது அரிதாகக் கிடைக்கும் பொருள்.

காலேஜுக்கு விண்ணப்பிக்கும்போது குறுங்கட்டுரை கேட்பார்கள், நேர்காணலுக்கும் கூப்பிடலாம். அப்போது காலேஜின் கருப்பொருளை அவர்களுக்கே திருப்பிச் சொல்லாதீர்கள், அது அவர்களுக்குத் தெரியும். அந்தக் காலேஜின் பாடப் பட்டியலை எடுத்து, மார்க் இல்லாவிட்டாலும் எந்த ஒரு வகுப்பில் போய் உட்காருவீர்கள் என்று பாருங்கள், ஏன் என்று உங்கள் சொந்தக் காரணத்தை எழுதுங்கள். பட்டியல் முழுக்கப் பார்த்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையென்றால் அந்தக் காலேஜை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.