செம்பா, வெள்ளியா, சிலிக்காவா? கோபால்ட் மணிகளை எதில் பதிப்பது?

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தங்கச்சி காந்தப் புலத்தில் மின்தடை மாறும் பொருள் ஒன்றைச் செய்யும் ப்ராஜெக்டுக்காகக் கேட்டாள்: "அண்ணா, கோபால்ட்டைச் செம்புல பதிக்கவா, வெள்ளியிலயா, இல்ல சிலிக்காவிலயா?" சிலிக்கா என்றால் மின்சாரம் கடத்தாத கண்ணாடி மாதிரிப் பொருள்; மணி என்றால் அதற்குள் பதியும் மிக நுண்ணிய கோபால்ட் துகள். "மக்கா, முதல்ல மணி எத்தனை நானோமீட்டர்னு சொல்லு" என்றேன்.

கன்னியாகுமரிக் கடைகளில் விற்கும் கலர் மணல் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு கண்ணாடி டம்ளரில் கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி அடுக்கிக் காட்டினேன். 1988இல் இயற்பியலாளர்கள் ஃபெர்ட்டும் க்ரூன்பெர்க்கும் இரும்பு, குரோமியம் அடுக்குகளில் பெரும் காந்தத் தடைமாற்றத்தை (காந்தப் புலம் கொடுத்தால் மின்தடை பெரிதாக மாறுவதை) கண்டது இப்படிப்பட்ட அமைப்பில்தான் (2007இல் நோபல் கிடைத்தது). அப்புறம் ஸ்பூனால் கலக்கிவிட்டேன். இப்போது வெள்ளை மணலுக்குள் கறுப்பு மணிகள் சிதறிக் கிடக்கின்றன. 1992இல் பெர்கோவிட்ஸ் குழுவும் சியென் குழுவும் தனித்தனியாகச் செம்பு-கோபால்ட் கலவையில் அதே விளைவைப் பார்த்தது இந்த மாதிரி அமைப்பில். காந்தப் புலம் இல்லாதபோது மணிகளின் காந்தத் திசைகள் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பதால் எலக்ட்ரான்கள் அதிகம் சிதறும். புலம் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி மின்தடை குறையும்.

என் ஓட்டு செம்புக்கு. திடநிலையில் கோபால்ட் அதில் கலக்காது, ஆனால் இரண்டையும் சேர்த்து உருக்கிச் சட்டென்று குளிரவைத்தால் மெல்லிய உலோக நாடாவாக வந்துவிடும். அந்தப் புது நாடாவில் மணிகள் மிகப் பொடி. வெப்பமே அவற்றின் திசையைப் புரட்டிக்கொண்டிருப்பதால் காந்தத் தயக்கம் (புலத்தை எடுத்த பிறகும் காந்தத்தன்மை மிஞ்சுவது) இருக்காது, எல்லாவற்றையும் ஒரே பக்கம் நேராக்கப் பெரிய புலம் வேண்டும். அனீல் செய்தால், அதாவது உலையில் சூடாக்கி வைத்தால், மணி வளரும், கோபால்ட் பிரிந்து செம்பு சுத்தமாவதால் அடிப்படை மின்தடை இறங்கும், தடைமாற்றம் ஏறி ஓர் உச்சத்தைத் தொட்டு மறுபடி விழும். ஏன் விழுகிறது? சிதறல் பெரும்பாலும் மணியின் மேற்பரப்பில் நடக்கிறது, அதே அளவு கோபால்ட் 3 நானோமீட்டர் மணியிலிருந்து 6 நானோமீட்டர் மணியாக வளர்ந்தால் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகி, மொத்த மேற்பரப்பு பாதியாகிவிடும், மணிகளுக்கு இடையிலான தூரமும் கூடிவிடும்.

வெள்ளி, உருகிய நிலையில்கூட கோபால்ட்டோடு சேராது. அதனால் நாடா முறைக்குச் சரிவராது, ஸ்பட்டரிங் (அயனிகளால் மோதி அணுக்களைப் பெயர்த்து மெல்லிய படலமாகப் படியவைப்பது) நல்ல வழி; மணிகள் நன்றாகப் பிரிந்து நிற்கும், விளைவும் பெரிது. ஸ்பட்டரிங் இயந்திரம் கையில் இருந்தால் தாராளமாகப் போகலாம்.

சிலிக்காவின் கதையே வேறு. எலக்ட்ரான் ஒரு மணியிலிருந்து அடுத்ததற்கு மின்காப்புச் சுவரைத் துளைத்துத் தாவ வேண்டும், சுவர் சற்றுத் தடித்தாலும் மின்தடை எக்கச்சக்கமாக ஏறும், குளிரவைத்தால் இன்னும் ஏறும். கோபால்ட்டின் கன அளவு ஏறத்தாழ பாதியைத் தாண்டினால் மணிகள் ஒன்றையொன்று தொட்டுப் பாதை போட்டுவிடும். பிறகு அது வெறும் உலோகம்.

மூன்றுக்கும் பொதுவான குறை, ஆயிரக்கணக்கான ஓயர்ஸ்டெட் (காந்தப் புலத்தின் அலகு) புலம் கேட்பது. ஹார்டு டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் ரீடு ஹெட்டுக்கு அடுக்கு அமைப்பைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

தங்கச்சி செம்பு என்று முடிவு செய்துவிட்டாள். ஒரே நாடாவை ஐந்தாக நறுக்கி, நான்கை வெவ்வேறு வெப்பநிலையில் அனீல் செய்து, ஒன்றை அப்படியே வைக்கச் சொல்லியிருக்கிறேன். மின்தடை மிகச் சிறியது, நான்குமுனை அளவீடு (இரு முனையில் மின்னோட்டம் செலுத்தி, வேறு இரு முனையில் மின்னழுத்தம் அளப்பது) கட்டாயம், மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு இருமுறை எடுக்க வேண்டும். ஆர்கான் வாயு இல்லாமல் மட்டும் உலையில் வைத்துவிடாதே மக்கா, செம்பு கறுத்துப் போகும்.