பேட்டியின் முழு ஆடியோவைக் கேட்கிறார்களா? கொடுக்காதீர்கள்

கலைஞர்களைப் பேட்டி எடுத்து, எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக எழுதுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மார்கழி நெருங்குகிறது, போன சீசனில் என்னை ஏமாற்றிய இணைய இதழ்க்காரர்கள், இப்போது இதழின் பெயரை மாற்றிக்கொண்டு எழுத ஆள் தேடுகிறார்கள்.

சென்னையில் இருந்து நடக்கும் ஓர் இணைய இதழ். போன சீசனில் கர்நாடக இசைக்கலைஞர்கள், ஸ்டாண்ட்-அப் காமெடி செய்பவர்கள் என்று ஒரு பேட்டித் தொடர் கேட்டார்கள். பேட்டிக்கு இவ்வளவு என்று மெயிலிலும் உறுதி செய்தார்கள். டிசம்பர் நடுவிலிருந்து மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் அலைந்தேன். கச்சேரிக்கு முன்னால் எந்தப் பாடகரும் தொண்டையைச் செலவழிக்க மாட்டார். கச்சேரி முடிந்து, செல்ஃபி கூட்டமும் ஓய்ந்து, தம்புராவை உறையில் போடும் நேரத்தில் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் நமக்கு. காமெடி செய்பவர்கள் வேறு மாதிரி. மேடையில் ஒரு மணி நேரம் விடாமல் பேசுபவர், பேட்டியில் ஒற்றை வரியில் பதில் சொல்வார். எந்த ஜோக் எடுபடாமல் போனது என்று கேட்டால்தான் பேச்சு வரும்.

ஒரு மிருதங்கக் கலைஞர், பக்கவாத்தியக்காரர்களுக்குத் தரும் சன்மானம் பற்றி மனம்விட்டுப் பேசினார். நடுவில், "தம்பி, இது நமக்குள்ள இருக்கட்டும். அடுத்த வருஷமும் நான் அந்த சபாவுல வாசிக்கணும்" என்றார். அந்தப் பகுதியை நான் எழுதவில்லை.

கட்டுரைகள் போனதும், சரிபார்க்க முழு ஆடியோ வேண்டும் என்றார்கள். அனுப்பினேன். கொஞ்ச நாளில் அது யூடியூபில் பாட்காஸ்டாக வந்தது. என் குரலை வெட்டிவிட்டு, என் கேள்விகளையே அவர்கள் ஆள் ஒருவர் கேட்பதுபோல் சேர்த்திருந்தார்கள். என் பெயர் எங்கும் இல்லை. சன்மானம் பற்றிய பேச்சைத் தனியாக வெட்டி ஷார்ட்ஸாகவும் போட்டிருந்தார்கள். அந்தக் கலைஞர் போன் செய்து, "உங்கள நம்பித்தானே பேசினேன்" என்றார். யூடியூபில் காப்புரிமைப் புகார் கொடுத்து வீடியோவை எடுக்க வைத்தேன். ஆனால் அதற்குள் வாட்ஸ்அப்பில் சபா வட்டாரம் முழுக்கச் சுற்றிவிட்டது. அவருக்கு நேர்ந்த சங்கடத்தை யார் சரிசெய்வது?

பணமும் வரவில்லை. முதலில் "அக்கவுண்ட்ஸில் இருக்கிறது" என்றார்கள். அப்புறம், அந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை என்றார்கள். வருமான வரித் தளத்தில், நம் பெயரில் யார் எவ்வளவு வரி கட்டினார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தேன். என் பான் எண்ணில் அந்த நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் (நமக்குத் தரும் பணத்திலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டிய பதிவு இருந்தது, மெயிலில் பேசிய அதே தொகைக்கு. அவர்கள் கணக்கில் எனக்கு வரவு எழுதியாயிற்று, என் வங்கிக்குத்தான் எதுவும் வரவில்லை. யாராவது உங்களுக்குப் பாக்கி வைத்துக்கொண்டு மழுப்பினால், முதலில் இந்தப் படிவத்தைப் பாருங்கள். வக்கீல் நோட்டீஸில் இதைத்தான் முதல் ஆதாரமாக வைத்திருக்கிறேன்.

"கட்டுரை கொடுத்துவிட்டீர்கள், எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாதவர் எழுதிய கட்டுரைக்கு முதல் உரிமையாளர் அவரேதான். கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான் அந்த உரிமை கைமாறும். அதிலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள்தான்.

வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) செய்து வையுங்கள், அது இலவசம். பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் அதைவிடக் கூடுதல் நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006 எம்எஸ்எம்இ சட்டம் இதைச் சொல்கிறது.

இந்த ஆட்கள் பேசும் விதம் எப்போதும் ஒன்றுதான். மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் தொகை சொல்வார்கள், ஒப்பந்தம் பிறகு அனுப்புகிறோம் என்பார்கள், ஆடியோவைக் கேட்பார்கள். சரிபார்க்கத்தான் என்றால், சந்தேகமுள்ள வரிக்கான துண்டை மட்டும் அனுப்புங்கள். கலைஞர்களின் போன் நம்பரையும் கேட்பார்கள், அதையும் கொடுக்காதீர்கள்.