படகின் இரைச்சலைக் குறைக்கக் காசு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஸ்பெயினின் பால்மாவில் குளிர்காலப் பராமரிப்புக்காகப் படகை நிறுத்தி, இரைச்சல் குறைக்க யாரிடமாவது கொட்டேஷன் வாங்கியிருந்தால், கையெழுத்துப் போடுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். போன வருடம் எங்கள் படகில் 18,500 யூரோ இப்படித்தான் போனது.

நான் ஒரு 38 மீட்டர் சொகுசுப் படகில் சீஃப் எஞ்சினியர். நங்கூரம் போட்டு நிற்கும்போது ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும், ஏசி அதை நம்பித்தான் இருக்கிறது. எஞ்சின் ரூமை ஒட்டிய கேபினில் அதன் உறுமல் காதைவிட நெஞ்சில்தான் அதிகம் தெரியும். கட்டிலோரம் தண்ணீர் டம்ளர் வைத்தால் மேலே வட்ட வட்டமாக நடுங்கும்.

வந்த நிறுவனம் சுவரெல்லாம் 25 மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டியது. ஜெனரேட்டருக்கு அடியில் அதிர்வைத் தாங்கும் நான்கு புது ரப்பர் மவுண்ட் போட்டது. சோதனை நாளில் கேபினில் மீட்டரைக் காட்டினார்கள்: 54 டெசிபல் 49 ஆகியிருந்தது. ஜெனரேட்டரை லோடே இல்லாமல் ஓடவிட்டிருந்தார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். விருந்தினர் வந்த முதல் இரவே டம்ளர் முன்னைவிட மோசமாக நடுங்கியது.

சென்னையில் ஓய்வில் இருக்கும் என் பழைய சீஃபுக்குப் போன் போட்டேன். "மீட்டரைக் கீழ வை தம்பி. ஜெனரேட்டர்ல இருந்து வெளிய போற ஒவ்வொரு குழாயையும் தொட்டுப் பாரு" என்றார். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப், ரப்பரே இல்லாமல் நேராகக் கேபின் சுவரில் போல்ட் போடப்பட்டிருந்தது. கை வைத்தால் உள்ளங்கை மரத்துப்போனது. அதற்கு வெளிப்பக்கம்தான் அழகாக ஃபோம் ஒட்டியிருந்தார்கள்.

"சரி சார், மவுண்ட்?" என்றேன். "ரப்பர்ல நம்பர் இருக்கும், படி" என்றார். டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் படித்தேன். அது ரப்பரின் கடினத்தைச் சொல்லும் எண். கழற்றிப்போட்ட பழையதில் 45, புதியதில் 65. மேனுவல் கேட்பது 45. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான்.

நான்கு சிலிண்டர் ஜெனரேட்டர் 1500 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 50 முறை வெடிக்கும், அதாவது 50 ஹெர்ட்ஸ். மவுண்டின் சொந்த அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் ஜெனரேட்டர் அதன் மேல் தானாக ஆடும் வேகம், அதற்கு நன்றாகக் கீழே இருந்தால்தான் அதிர்வு தடைபடும். ரப்பர் கடினமாக ஆக அது மேலே ஏறும், நடுக்கம் அப்படியே இரும்புக்குள் இறங்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ காற்றில் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதை எடையில்லாத 25 மில்லிமீட்டர் ஃபோம் என்ன செய்யும்? மேல் சுருதியில் இருக்கும் சீறலை மட்டும் குடிக்கும். மீட்டர் இறங்கியது அதனால்தான். அதிலும் அவர்கள் அளந்தது மனிதக் காது கேட்கும் விதத்தைப் பின்பற்றும் 'ஏ' அளவையில். அது 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்தே கணக்கில் எடுக்கும். எங்களைத் தூங்கவிடாத உறுமல் அந்த எண்ணுக்குள் வரவே இல்லை.

சட்டமும் கைகொடுக்காது. 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) இரைச்சல் விதித்தொகுப்பு 1,600 கிராஸ் டன்னும் (கப்பலின் உள்ளளவைச் சொல்லும் கணக்கு) அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குத்தான். எங்களுடையது 400-க்கும் கீழே. ஒப்பந்தத்தில் எழுதியது மட்டும்தான் நிற்கும், நாங்களோ "இரைச்சல் குறைப்பு" என்று ஒரே வரி எழுதியிருந்தோம்.

இப்போது நான் எழுதுவது இது: ராத்திரி இருக்கும் அதே லோடில், ஏசி ஓட, தலையணை இருக்கும் இடத்தில், 'ஏ', தாழ்ந்த உறுமலை அவ்வளவாகக் குறைக்காத 'சி' ஆகிய இரண்டு அளவையிலும், வேலைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். மவுண்டின் எண் பில்லில் இருக்க வேண்டும். எந்தக் கிளாம்பையும் மூடும் முன் போட்டோ.

சரியான நான்கு மவுண்ட், ரப்பர் வைத்த கிளாம்ப், எக்ஸாஸ்டில் ஒரு நெளிவு இணைப்பு. நாங்களே இரண்டு நாளில் போட்டோம், 3,000 யூரோகூட ஆகவில்லை. டம்ளர் அசையவில்லை.

கொடுத்த பணம் திரும்பவில்லை. அந்த ஃபோமின் கீழ் ஓரத்தில் மேலுறை கிழிந்து டீசல் ஊறியிருக்கிறது, பிழிந்தால் சொட்டுகிறது. எஞ்சின் ரூமில் அதை வைத்துக்கொண்டு கடலுக்குப் போக முடியாது. இந்த வாரம் முழுக்க அதைக் கிழித்தெடுக்கும் வேலைதான்.